டர்ன்ஸ்டைலின் "க்ளோ ஆன்" ஹார்ட்கோர் ஆல்பமா? தாளம், மிக்ஸிங், மேடை வரை பேசுவோம்

சுழல்தட்டு
வேறு வேறு இழைகளில் துண்டு துண்டாக, "க்ளோ ஆன்" ஹார்ட்கோரா (பங்க் ராக்கிலிருந்து பிறந்த, வேகமும் சீற்றமும் கூடிய இசை) இல்லையா என்ற வாக்குவாதம் ஓடுகிறது. ஒரே இடத்தில் பேசிவிடலாம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். டர்ன்ஸ்டைல் பால்டிமோர் குழு, 2010-இல் தொடங்கியது. "க்ளோ ஆன்" அவர்களுடைய மூன்றாவது முழு ஆல்பம். 2021 ஆகஸ்ட் 27 அன்று ரோட்ரன்னர் வெளியிட்டது. 15 பாட்டு, ஏறக்குறைய 35 நிமிடம். தயாரிப்பு மைக் எலிசாண்டோ, கூடவே பாடகர் பிரெண்டன் யேட்ஸ். எலிசாண்டோ யார் என்றால், 50 சென்ட்டின் "இன் டா கிளப்" பாட்டை எழுதியவர்களில் ஒருவர். மாஸ்டடானின் "தி ஹண்டர்" ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர்தான். பிளட் ஆரஞ்ச் என்ற பெயரில் பாடும் டெவ் ஹைன்ஸ் இரண்டு பாட்டில் வருகிறார். 2023 கிராமியில் மூன்று பரிந்துரை: "ஹாலிடே"க்கு ஒன்று, "பிளாக்அவுட்"டுக்கு இரண்டு, அதில் ஒன்று மெட்டல் பிரிவில்.

"மிஸ்டரி" சிந்தசைசரில் தொடங்குகிறது, "டோன்ட் பிளே"யில் பியானோ இருக்கிறது, "ஏலியன் லவ் கால்" மெதுவான பாட்டு, அதனால் இது ஹார்ட்கோர் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் வாதம். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. ஒரு பாட்டு ஹார்ட்கோரா என்பதை டிரம்ஸும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) கூட்டத்தை எப்படி நகர்த்துகின்றன என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கிட்டாரில் எவ்வளவு டிஸ்டார்ஷன் (ஒலியின் கரகரப்பு) இருக்கிறது என்பது அதற்கு அப்புறம். வாசிக்கிறவர்கள், ஒலிப்பதிவு செய்கிறவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பேட்டைராக்
நல்ல ராக் ஆல்பம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஹார்ட்கோர் இப்ப உயிரோட இருக்குன்னு காட்ட இதை எடுத்துக்காட்டா வைக்கிறதுதான் தப்பு. பெரிய லேபிள், ஹிப்-ஹாப்ல பேர் வாங்கின தயாரிப்பாளர், கிராமி. இது எதுவுமே இல்லாம ஓடுறதுதான் இந்த இசையோட பலம்.

உயிர் வேணும்னா நியூ ஜெர்சி ஜெல் குழுவோட "ஒன்லி கான்ஸ்டன்ட்" கேளுங்க, 2023. பத்துப் பாட்டு, மொத்தமே சுமார் 16 நிமிஷம். இல்ல ஃபிலடெல்பியா சோல் க்ளோவோட "டயஸ்போரா ப்ராப்ளம்ஸ்", 2022. கோபம், வேகம், சொல்ல விஷயம் எல்லாம் அதுல இருக்கு. "அண்டர்வாட்டர் பாய்" மாதிரி ஒரு பாட்டுக்கு யார் பிட்டுக்குள்ள (மேடைக்கு முன்னாடி கூட்டம் மோதி ஆடுற இடம்) இறங்குவாங்க?

தாளக்காரன்
சுழல்தட்டு சொன்னதைத் தாளத்தில் பிரித்துக் காட்டுகிறேன். எட்டு எண்ணிக்கை போட்டுக்கொள்ளுங்கள்: 1 2 3 4 5 6 7 8. எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஹார்ட்கோரின் அடிப்படை வேக அடி: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 3, 5, 7-இல், ஸ்நேர் (கையால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) 2, 4, 6, 8-இல். மாற்றி மாற்றி விழும். டூ-ஸ்டெப் (கால் மாற்றி மாற்றி ஆடும் ஹார்ட்கோர் ஆட்டம்) ஆடும் கால்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

டி-பீட்: ஸ்நேர் 3, 7-இல். கிக் 1, 4, 6-இல். வாயால் சொன்னால் "டும் – டக் டும் – டும் டக் –". இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டைச் சேர்ந்த டிஸ்சார்ஜ் குழுவிடமிருந்து வந்த அடி. பெயரில் இருக்கும் "டி" அவர்கள்தான். அவர்களுடைய 1982 ஆல்பத்தைக் கேட்டால் இந்த அடி காதில் உட்கார்ந்துவிடும்.

பிரேக்டவுன்: மெட்ரோனோம் வேகம் அப்படியே இருக்கும். ஸ்நேர் மட்டும் 5-இல் ஒரே ஒரு தடவை விழும். பாதி வேகம் போலக் கேட்கும். வேகமான பகுதியில் ஓடிக்கொண்டிருந்த கூட்டம் இந்த இடத்தில் கையைக் காலை வீசத் தொடங்கும்.

இந்த மூன்றுக்கும் நடுவே நான்காவது ஒன்று உண்டு, "க்ளோ ஆன்" பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது. நடுத்தர வேகம், கிக் ரிஃப்போடு ஒட்டிக்கொண்டு துள்ளும். இது பால்டிமோரில் 2021-இல் முளைத்த சமாச்சாரம் இல்லை. நியூயார்க்கின் க்ரோ-மேக்ஸ் 1986-இல் போட்டது, மேட்பால் 1994-இல் "செட் இட் ஆஃப்" ஆல்பத்தில் முழுதாக வளர்த்தது. பால்டிமோருக்கு அதைக் கொண்டுபோன குழுக்களில் முக்கியமானது ட்ராப்ட் அண்டர் ஐஸ். அதில் டிரம்ஸ் வாசித்தவர் இதே பிரெண்டன் யேட்ஸ். "பிளாக்அவுட்" கடைசியில் கிட்டார் விலகித் தாள வாத்தியங்கள் மட்டும் நிற்கும் இடத்தைக் கேளுங்கள். டிரம்மராக யோசிக்கும் ஒரு பாடகர் போட்ட முடிவு அது.

குட்டிகிக்
தாளக்காரன் அண்ணே, டி-பீட் 170 பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கிற வேகக் கணக்கு) தாண்டினா 4, 6 கிக் ரெண்டும் குழம்பிடுது. வேக அடி மாதிரியே ஆயிடுது. எங்க தப்பு?

தாளக்காரன்
தம்பி, பெரும்பாலும் வலது கைதான் காரணம். ஹை-ஹாட்டில் (கால் மிதியோடு வரும் ஜோடி சிம்பல்) எட்டு எண்ணிக்கையும் அடித்தால் 170-க்கு மேல் கை இறுகும், கை இறுகினால் கால் அதன் பின்னாலேயே போகும். வலது கையை 1, 3, 5, 7-இல் மட்டும் போடுங்கள். ஹை-ஹாட்டைப் பாதி திறந்து விளிம்பில் அடித்தால் இடைவெளி தெரியாது.

அடுத்து கால். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் வாசியுங்கள். பெடல் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிக்கை அடிக்கும் சுத்தியல் திரும்பி வர நேரமாகும். அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கிப் பாருங்கள். 4-உம் 6-உம் ஜோடி. நடுவில் 5 காலி. அந்தக் காலி இடத்தை வாயால் "ம்" என்று சொல்லிக்கொண்டே வாசிக்க வேண்டும். 5-ஐ விழுங்கிவிட்டால்தான் குழப்பம் வருகிறது.

120-இல் தொடங்கி, இரண்டு நிமிடம் நிற்காமல் சுத்தமாக வந்தால் மட்டும் 5 பிபிஎம் ஏற்றுங்கள். இன்னொன்று, ஃபில் (பகுதிகளை இணைக்கும் சின்ன டிரம் உருட்டல்) முடிந்து பிரேக்டவுனுக்குள் இறங்கும்போது எல்லாரும் ஓடுவார்கள். இறங்கிய முதல் அடிக்குப் பிறகு 2 முதல் 4 வரை எதையும் அடிக்காமல் விட்டுப் பழகுங்கள். அந்த மௌனத்தில்தான் பிரேக்டவுனுக்குக் கனம் வருகிறது.

குரல்வளை
பேட்டைராக், மெதுவான பாட்டு வந்தால் ஹார்ட்கோர் இல்லை என்ற அளவுகோலை வைத்தால் முதலில் வெளியே போக வேண்டியது பேட் பிரெய்ன்ஸ். 1982-இல் ராயர் என்ற இசை நிறுவனம் காசெட்டாக வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பத்தில் "ஜா காலிங்", "லீவிங் பாபிலன்", "ஐ லவ் ஐ ஜா" என்று ரெகே பாட்டுகள் இருக்கின்றன. மூச்சு முட்டும் வேகப் பாட்டுகளுக்கு நடுவேதான் அவை வருகின்றன. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் ஹார்ட்கோர் வேகத்தை வகுத்துக் கொடுத்த குழுவே இப்படிச் செய்திருக்கிறது. அந்த வேகப் பாட்டுகளின் வெறி கூடுதலாகத் தெரிவதற்கே அந்த ரெகே ஒரு காரணம்.

"க்ளோ ஆன்" வரிசையையும் அப்படிப் பாருங்கள். "ஏலியன் லவ் கால்" முடிந்ததும் "வைல்ட் வேர்ல்ட்", "டான்ஸ்-ஆஃப்". கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட இல்லாத "நோ சர்ப்ரைஸ்". பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து பிளேலிஸ்ட்டில் போட்டுக் கேட்டால் இந்தக் கட்டமைப்பு போய்விடும்.

பேட்டைராக்
பேட் பிரெய்ன்ஸ் பாயிண்ட் சரி, ஏத்துக்கிறேன். ஆனா அவங்க ரெகேவைத் தனியா வெச்சாங்க, ஹார்ட்கோரைத் தனியா வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையல. இங்க ஒரே பாட்டுக்குள்ள எல்லாம் மெழுகின மாதிரி வருது. என் குறை பாட்டுல இல்ல, ஒலியில. ஜெல்லைக் கேட்டா அறை தெரியுது, இதைக் கேட்டா ஸ்டூடியோதான் தெரியுது.

மிக்ஸிங்மேசை
ஒலி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஹார்ட்கோர் பதிவில் தெளிவு வேண்டும் என்பது அழகுக்காக இல்லை, அது ஒரு கணக்கு.

190 பிபிஎம்மில் எட்டில் ஒரு எண்ணிக்கைக்கு எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் 60,000 மில்லி செகண்ட், அதை 190-ஆல் வகுத்தால் ஒரு பீட், ஓர் எண்ணிக்கை அதில் பாதி. சுமார் 158 மில்லி செகண்ட். ஒரு கிக்கின் வால், அறையின் ரீங்காரம் எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த அடி முந்தைய அடியின் மேல் விழுந்து, டி-பீட் வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் கிக்குக்குள் ஒரு சின்னத் தலையணை, ஸ்நேருக்கு அதிக ரிவெர்ப் (செயற்கை ரீங்காரம்) கூடாது, ரூம் மைக்குகளின் (அறையின் ஒலியைத் தூரத்திலிருந்து பிடிப்பவை) அளவைக் குறைத்து வையுங்கள். பிரேக்டவுன் வந்ததும் அடிகளுக்கு இடையே நேரம் கிடைக்கிறது. அங்கே மட்டும் ரூம் மைக்கை 3, 4 டெசிபல் ஏற்றுங்கள். பேட்டைராக் கேட்கும் "அறை" இந்த இடத்தில்தான் கிடைக்கும். பாட்டு முழுக்க ஒரே அளவில் அறையைத் திறந்து வைத்தால் வேகப் பகுதி மண்ணாகிவிடும்.

கிட்டார்: ஒரே ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து முழு இடம், முழு வலம். பிரதி எடுத்து ஒட்டினால் அகலம் வராது. கெயினை (ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் திருகு) ஒத்திகை அறையில் வைத்ததைவிடக் குறைத்து வையுங்கள். இரண்டு டிராக் சேரும்போது டிஸ்டார்ஷன் தானாகக் கூடும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸுக்குக் கொடுங்கள். இன்னும் சேறாக இருந்தால் 250–350 ஹெர்ட்ஸ் பகுதியில் கை வையுங்கள்.

பேஸ்: சிக்னலை 200 ஹெர்ட்ஸ் வாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். கீழ்ப்பகுதி சுத்தமாக, கம்ப்ரஷனோடு (ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது). மேல்பகுதிக்கு மட்டும் டிஸ்டார்ஷன். முழு பேஸையும் ஒரே டிஸ்டார்ஷன் பெடலில் விட்டால் கீழ்க்கனம் காணாமல் போகும். நிறைய டெமோக்கள் தகரம் போலக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

கம்பிகளையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ட்யூனிங்குக்கு 10–46 தடிமன் செட் போதும். அதே செட்டில் டிராப் சி-க்கு (தடித்த கம்பியை சி சுருதி வரை தளர்த்தும் ட்யூனிங்) இறங்கினால் தடித்த கம்பி தொளதொளக்கும். பிக்கால் அடித்த நொடியில் சுருதி மேலே ஏறி, பிறகு இறங்கும். இரண்டு டிராக்கிலும் அந்த ஏற்றம் வேறு வேறாக இருப்பதால் ரிஃப் முழுக்க அபஸ்வரம். 11–54 அல்லது 12–56 போட்டு, நட்டின் (கிட்டார் கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில் கம்பி இறுகாமல் நகர்கிறதா என்று பார்த்து, இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்பது) சரிசெய்யுங்கள்.

கடைசியாக சிம்பல். கிராஷ் சிம்பலை ஓங்கி அடித்து ஸ்நேரை மெதுவாகத் தட்டும் டிரம்மரை எந்த மிக்ஸும் காப்பாற்றாது. சிம்பல் ஸ்டாண்டை 10 சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள், ஸ்நேர் மைக்குக்குள் சிம்பல் கசிவது குறையும்.

குட்டிகிக்
யேட்ஸ் குரல்ல ஒரு எதிரொலி இருக்கே, அதை லைவ்ல பண்ண முடியுமா? சின்ன இடத்துல டிலே (குரலைத் தாமதிச்சு எதிரொலிக்கிற கருவி) போட்டாலே மொத்தமும் கூவுதுன்னு சொல்றாங்க.

மேடைஒலி
முடியும். மூணு விஷயம் கவனிக்கணும்.

டிலே நேரத்தைப் பாட்டு வேகத்தோட கட்டுங்க. 60,000-ஐ பிபிஎம்மால வகுத்தா ஒரு பீட். 150 பிபிஎம்னா 400 மில்லி செகண்ட், அதுல பாதி 200. திரும்ப வர்ற தடவை ரெண்டுக்கு மேல வேண்டாம்.

ஹார்ட்கோர்ல பாடகர் பக்கத்துலயே டிரம்ஸ் இருக்கும். அவர் வாயை மூடினாலும் மைக் சிம்பலை வாங்கிட்டே இருக்கும். அந்த சிம்பலும் டிலேக்குள்ள போய் மேடை முழுக்க ரெண்டு தடவை கேக்கும். அதனால மிக்சர்ல இருந்து டிலேக்குச் சத்தத்தை அனுப்புற சென்டை எப்பவும் திறந்து வைக்காதீங்க. வரி முடியிற கடைசிச் சொல்லுக்கு மட்டும் தூக்கி, உடனே இறக்குங்க. மிக்சர்ல ஆள் இல்லன்னா சென்டுக்கு முன்னாடி ஒரு கேட் (மெல்லிய சத்தத்தை அடைச்சு, பெரிய சத்தத்தை மட்டும் விடுற கருவி) போடுங்க.

மூணாவதுதான் முக்கியம். எஸ்எம்58 மாதிரி பாடுற மைக்ல வலைப் பந்துக்குக் கீழ்ப்புறம், காப்ஸ்யூலுக்கு (சத்தத்தை வாங்குற பகுதி) பின்னாடி காத்து போற வழி இருக்கு. பின்பக்கச் சத்தத்தை மைக் ஒதுக்குறதே அந்த வழியாலதான். பாடகர் பந்தை முழுசா உள்ளங்கையில பொத்தினா அந்த வழி அடைஞ்சு, மைக் எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிக்கும். மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேக்குற ஸ்பீக்கர்) சத்தம் உள்ள போகும், ஃபீட்பேக் (கூவல்) அடிக்கும். இக்யூவை (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கிற திருகு) திருகிப் பிரயோஜனம் இல்ல. கையை வலைக்குக் கீழ, உடல் பகுதியில பிடிக்கச் சொல்லுங்க. கேக்கலைன்னா அந்த மேடையில மானிட்டரை 6 டெசிபல் இறக்குங்க, வேற வழி இல்ல.

மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டுறது இந்த இசையில கட்டாயம் நடக்கும். 10 மீட்டர் வயர், அதே மாடல்ல ஒரு மாத்து மைக், மாத்து வலை ரெண்டு வெச்சுக்கோங்க. வலை திருகாணி மாதிரி கழண்டு வரும், நசுங்கினா அரை நிமிஷத்துல மாத்தலாம். எக்ஸ்எல்ஆர் (மைக் வயரோட முனை) கொக்கி இழுவையில கழண்டுடும். வயரை மைக் உடலோட சேர்த்து ரெண்டு சுத்து காஃபர் டேப் (மேடையில போடுற துணி டேப்) போடுங்க, நுனியை மடிச்சு விட்டா அப்புறம் பிரிக்க சுலபம்.

சுழல்தட்டு
பேட்டைராக் முதலில் எழுப்பிய விஷயத்துக்கு வருகிறேன், இந்த இசை எதனால் சாகாமல் இருக்கிறது என்பது. அதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு: பாட்டு சின்னது, அதனால் செலவும் சின்னது.

வாஷிங்டனின் டிஸ்கார்ட் லேபிளின் முதல் வெளியீடு டீன் ஐடில்ஸ் குழுவின் ஏழு அங்குலத் தட்டு. உறைக்கு, வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அளவை வரைந்தெடுத்து, அச்சடித்து, கத்தரியால் வெட்டிக் கையாலேயே ஒட்டினார்கள். ஆயிரம் பிரதி. அதே லேபிளில் பிறகு மைனர் த்ரெட்டின் முதல் தட்டு, 1981, எட்டுப் பாட்டு. ஏழு அங்குலத்தில் 33 வேகத்தில் (நிமிடத்துக்கு 33 சுற்று) வெட்டினாலும் ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் தாண்டினால் ஒலி அளவு விழத் தொடங்கும். எட்டுப் பாட்டை அதில் அடைக்க ஹார்ட்கோரால்தான் முடியும். ஜெல்லின் 16 நிமிடத்தைப் பன்னிரண்டு அங்குலத்தில் 45 வேகத்தில் வெட்டினால் பக்கத்துக்கு எட்டு நிமிடம். பள்ளங்கள் அகலமாக விழும், பேஸ் முழுதாக நிற்கும். "க்ளோ ஆன்" 33-இல் பக்கத்துக்குப் பதினேழரை நிமிடம், அதுவும் வசதியான அளவுதான்.

இன்றைக்கும் புதுக் குழு நான்கு பாட்டு டெமோவை காசெட்டில் விடுகிறது. பத்து நிமிடத்துக்குள் அடங்குவதால் இரண்டு பக்கத்திலும் அதே நான்கு பாட்டு. திருப்பிச் சுற்ற வேண்டாம். வெளியூர் அரங்கில் சட்டையோடு சேர்த்து விற்றால் பெட்ரோல் காசு வரும்.

குரல்வளை
செலவோடு வயதையும் சேருங்கள். அமெரிக்காவில் மது விற்கும் பல இடங்களில் சிறுவர்களை உள்ளே விடமாட்டார்கள். டீன் ஐடில்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் மபுஹே கார்டன்ஸ் அரங்கில், வயது குறைந்தவர்களின் கையில் எக்ஸ் (மது தரக் கூடாது என்ற அடையாளம்) போட்டு உள்ளே விடுவதைக் கண்டு, அதையே வாஷிங்டன் 9:30 கிளப்பிடம் கேட்டு வாங்கினார்கள். பதினாறு வயதில் உள்ளே வர முடிந்தவர்தான் பதினெட்டில் குழு தொடங்குகிறார். எல்லா வயதினருக்கும் என்ற விதி உள்ள ஊரில் குழுக்கள் கலைந்தாலும் இசை நிற்பதில்லை. மைனர் த்ரெட் 1983-லேயே முடிந்தது. ஜெல்லும் 2025-இல் கலைந்துவிட்டது. கலைந்தவர்கள் அடுத்த குழுவில் இருப்பார்கள்.

அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. சிட்னியின் ஸ்பீட் குழு 2024-இல் "ஒன்லி ஒன் மோட்" வெளியிட்டது. அதில் "தி ஃபர்ஸ்ட் டெஸ்ட்" பாட்டில் பிரேக்டவுனுக்கு முன் ஒரு புல்லாங்குழல் வரும். வாசிப்பவர் பாடகர் ஜெம் சியோவே, முறையாகப் பயின்ற புல்லாங்குழல் கலைஞர். அதைக் கேட்டு யாரும் இது ஹார்ட்கோர் இல்லை என்று சொல்லவில்லை. பியானோவுக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

பேட்டைராக்
ஸ்பீட்ல புல்லாங்குழல் கொஞ்ச நேரம் வந்து பிரேக்டவுனுக்கு வழி விடுது. அது ஒரு அறிவிப்பு மாதிரி. "க்ளோ ஆன்"ல பியானோ பாட்டோட எலும்பாவே இருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல, இதுல நான் மாறப்போறதில்ல.

ஆனா ஒண்ணு மதிக்கிறேன். அடுத்த ஆல்பம் "நெவர் எனஃப்" 2025 ஜூன் 6 வெளிவர்றதுக்கு முன்னாடி, மே 10-ஆம் தேதி பால்டிமோர் வைமன் பார்க் டெல்ல இலவசமா வாசிச்சாங்க, வீடற்றவங்களுக்கு மருத்துவம் பாக்குற ஒரு அமைப்புக்கு நிதி திரட்ட. அவ்வளவு பெரிய ஆளானப்புறமும் சொந்த ஊர்ல வாசலைத் திறந்து வைக்கிறது ஹார்ட்கோர்காரன் குணம்தான். காணொளி கிடைக்குது, பாருங்க. பொதுவா லைவ் பாக்கணும்னா ஃபிலடெல்பியா சன்னி சிங் நடத்துற ஹேட்5சிக்ஸ் காணொளிகள்தான் முதல். பிட்டும் மேடையும் ஒண்ணா தெரியும்.

குட்டிகிக்
கடைசியா ஒண்ணு. மேடையே இல்லாத ஹால், தரையிலயே வாசிக்கணும், நூறு பேர் வரலாம். என்ன ஏற்பாடு?

மேடைஒலி
பிஏ (கூட்டத்துக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர் அமைப்பு) குரலுக்கு மட்டும். கிட்டார், பேஸ் ஆம்ப்ல இருந்தே போதும். சத்த அளவுக்கு டிரம்ஸ்தான் கணக்கு, அதை மூழ்கடிக்கிற அளவு ஆம்பை ஏத்தாதீங்க. ஸ்பீக்கர் ரெண்டையும் பாடகருக்கு முன்னாடி, சுவரை ஒட்டி வைங்க. ஸ்டாண்டு நடுவுல நின்னா யாராவது இடிச்சு ஸ்பீக்கர் தலையில விழும். கால்களை முழுசா விரிச்சு, கம்பத்தைச் சுவர்ல இருக்கிற எதோடயாவது பெல்ட் போட்டுக் கட்டுங்க. தரை மானிட்டர் வேண்டாம், கால் தடுக்கும். பெடல் போர்டு, பவர் வயர் எல்லாம் ஆம்ப் பக்கம் தள்ளி, கூட்டத்தோட கால் படாம இருக்கட்டும். ஆம்ப் லைனும் லைட் லைனும் தனித்தனி சாக்கெட்.

டிரம்ஸுக்குக் கீழ ரெண்டு மீட்டர் சதுரக் கம்பளம். வழுவழுப்பான தரையில கம்பளமும் சேர்ந்து நகரும், நாலு மூலையிலயும் டேப் போடுங்க. அப்பவும் கிக் முன்னாடி ஓடும். கிக் வளையத்துல இருந்து டிரம்மர் உக்கார்ற ஸ்டூல் காலுக்கு ஒரு பெல்ட் இழுத்துக் கட்டிட்டீங்கன்னா, அவர் எடையே கிக்கைப் பிடிச்சுக்கும்.